தோள்வலிக்கு மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள்: கடலூரில் எனக்கு நடந்தது

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் பதினாறு வருடமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறேன். மேல் தட்டில் இருக்கும் மாம்பழக் கலரைக் காட்டுங்கள் என்று கேட்டால் ஸ்டூல் தேடப் போக நேரம் இருக்காது. எம்பி, கையை நீட்டி, கட்டோடு இழுத்து இறக்குவோம். போன தீபாவளி வியாபாரம் முடிந்த வாரம் வலது தோளில் வலி ஆரம்பித்தது. ஜடை பின்ன முடியவில்லை. ரவிக்கைக் கைக்குள் கையை நுழைக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் போச்சு.

ஒன்றை மட்டும் நான் கவனித்திருந்தேன். கையைப் பக்கவாட்டில் தூக்கினால் இடுப்பு உயரம் வரை ஒன்றும் தெரியாது. மார்பு உயரத்துக்கு வரும்போது சுருக்கென்று பிடிக்கும். காதை நெருங்கிய பிறகு வலி விட்டுவிடும். இதைச் சொல்லத்தான் அந்த இடத்துக்குப் போனேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

கூட வேலை செய்கிற பெண் சொல்லித்தான் போனேன். மஞ்சக்குப்பம் பக்கம், மாடியில். முதுகு, கழுத்து, தோள் வலிக்கு மருந்தில்லாமல் கையாலேயே சிகிச்சை என்று போர்டு. வெள்ளைக் கோட்டு போட்டவர், பெயருக்கு முன்னால் டாக்டர். என் கையைத் தூக்கச் சொல்லக்கூட இல்லை. கழுத்தில் இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு, "நரம்பு ஏறிக்கிச்சும்மா, மூட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கு. இப்ப விட்டா ஆபரேஷன்லதான் போய் நிக்கும்" என்றார். ஆபரேஷன் என்ற வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய். 15 தடவைக்கும் மொத்தமாகக் கட்டினால் 12,000. போனஸ் பணம் கையில் இருந்தது, ஜிபேயில் அனுப்பினேன். போனில் வேறு யாருடைய பெயரோ வந்தது. கேட்டதற்கு "வீட்டு அக்கவுண்ட்" என்றார். ரசீது தரவில்லை. பதினைந்து கட்டம் போட்ட ஒரு ரோஸ் கலர் அட்டை கொடுத்தார்கள், வரும்போதெல்லாம் ஒரு கட்டத்தில் டிக் அடிப்பார்கள்.

முதல் நாள் கழுத்தைத் திருப்பிக் கடக் என்று ஒரு சத்தம். அன்றைக்கு அரை நாள் தோள் லேசாக இருந்தது உண்மை. அந்த அரை நாள்தான் என்னை மறுபடி மறுபடி மாடிப்படி ஏற வைத்தது. இரண்டு, மூன்று தடவை ஜெல் தடவி ஏதோ மெஷினைத் தேய்த்தார்கள். நாலாவது தடவையிலிருந்து அவர் வரவே இல்லை, இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன்தான்.

ஆறாவது தடவை அவர் வந்தார். என்னைப் படுக்க வைத்து, ஒரு கையால் தோளை மேசையோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் முழங்கையைப் பிடித்துக் காதுப் பக்கம் ஒரே இழுப்பாக இழுத்தார். கத்திவிட்டேன். "வலிச்சாதாம்மா அடைப்பு விடும்" என்று மறுபடியும் இழுத்தார். பையன் ஃபேன் வேகத்தைக் கூட்டினான். அன்றைக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தேன். காலையில் புஜத்தில் கன்றிப்போயிருந்தது, கை மார்பு உயரத்துக்குக்கூட வரவில்லை. ஐந்து நாள் வேலைக்குப் போகவில்லை, சம்பளம் பிடித்தார்கள்.

மீதி ஒன்பது தடவைக்கான பணத்தைக் கேட்டேன். திருப்பித் தர மாட்டோம், வேண்டுமானால் வீட்டில் வேறு யாராவது வந்து மீதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள்.

அப்புறம்தான் என் அக்கா மகளிடம் சொன்னேன். அவள் பிசியோதெரபி முடித்தவள், நாலரை வருடப் படிப்பு. முதலிலேயே அவளிடம் கேட்டிருக்கலாம். சின்னப் பெண்ணை எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டேன். அந்த இடத்துச் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழை போட்டோ எடுத்து வைத்திருந்தேன், அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சித்தி, இது மூணு நாள் பயிற்சிக்குக் குடுத்தது" என்றாள். வேறு டிகிரி எதுவும் அந்தச் சுவரில் இல்லை.

அவள் சொல்லித்தான் ஜிப்மருக்குப் போனேன். கடலூரிலிருந்து பாண்டி பஸ், அங்கிருந்து கோரிமேடு. எலும்புப் பிரிவு டாக்டர் முதலில் நானாகக் கையைத் தூக்கச் சொன்னார். பிறகு அவரே தாங்கிப் பிடித்து மெதுவாகத் தூக்கினார், முழுசாகப் போனது. கையை மடக்கி உள்பக்கமாகத் திருப்பியபோது அந்தச் சுருக் வந்தது. 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி வரை வலித்து அதற்கு மேல் விட்டுவிடுவது இம்பிஞ்ச்மென்டின், அதாவது தோளுக்குள் தசைநார் எலும்பில் உரசுவதன், அடையாளம் என்றார். அடுத்தவர் தூக்கினாலும் கை நகரவில்லை என்றால் அது ஃப்ரோசன் ஷோல்டராக, அதாவது தோள் மூட்டு இறுகிப்போனதாக, இருக்கலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வருமாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம், அதைத் தள்ளிப்போடவே கூடாது.

தோளுக்கு மேலே கூரை மாதிரி ஒரு எலும்பு இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு தசைநாரும் சின்ன நீர்ப்பையும். கை மேலே போகும்போது முதுகுப் பக்கத்துத் தோள்பட்டை எலும்பும் சேர்ந்து சுழல வேண்டும். 180 டிகிரியில் ஏறக்குறைய 60 டிகிரி அந்த எலும்பின் பங்கு. அதைச் சுழற்றும் தசைகள் சோர்ந்துபோய், நாமும் ஓயாமல் எம்பி எம்பி எடுத்துக்கொண்டிருந்தால் அந்தத் தசைநார் உரசி, சலித்துப்போய் வலிக்கிறது. நரம்பு எதுவும் ஏறவும் இல்லை, என் மூட்டு இறங்கவும் இல்லை. வீங்கிக் கிடந்த தசைநாரைத்தான் அந்த ஆள் எலும்போடு வைத்து நசுக்கியிருக்கிறார்.

கையால் செய்கிற சிகிச்சையே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஜிப்மரில் பிசியோதெரபிஸ்ட் அம்மாவும் கையால்தான் செய்தார். என் கையைத் தன் கைமேல் தாங்கிக்கொண்டு, பந்து மூட்டைக் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் மெதுவாக, ஊஞ்சல் மாதிரி நகர்த்தினார். பிறகு மேல்முதுகில் அழுத்தம். மொத்தம் பத்து நிமிடம். கேட்டபடியே இருந்தார்: "இப்ப எவ்வளவு வலி? பத்துக்கு எத்தனை?" நாலைத் தாண்டினால் நிறுத்திவிடுவார். இது வலியைக் கொஞ்ச நாளைக்குத் தணிக்கும், அந்த இடைவெளியில் நீங்கள் செய்கிற பயிற்சிதான் தோளைத் தேற்றும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மீதி நேரமெல்லாம் பயிற்சி. கதவுக் கொண்டியில் ரப்பர் பட்டையைக் கட்டி, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே துண்டைச் சுருட்டி வைத்து, வெளிப்பக்கமாக இழுப்பது. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. வீட்டில் தினமும் செய்யச் சொன்னார், பன்னிரண்டு வாரம். மாடியில் ஆறு தடவை போனேனே, ஒரு பயிற்சிகூட யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் அந்த ரோஸ் அட்டைக்கு என்ன வேலை?

ஆபரேஷன் பயத்தைப் பற்றியும் அக்கா மகள் ஒன்று சொன்னாள். பிரிட்டனில் 313 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்திருக்கிறது. அந்த எலும்புக் கூரையைச் சுரண்டி ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், துளை போட்டு உள்ளே பார்த்துவிட்டு எதையும் சுரண்டாமல் தைத்து அனுப்பப்பட்டவர்களுக்கும் பலனில் வித்தியாசம் இல்லையாம். அவசர அவசரமாக யாராவது கத்தியைக் காட்டிப் பயமுறுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்றைக்குப் பதினான்காவது வாரம். ஜடை நானே பின்னுகிறேன். கடையில் முதலாளியிடம் பேசி, கனமான பட்டுக் கட்டுகளை நடுத்தட்டுக்கு இறக்க வைத்தேன், ஸ்டூலும் இரண்டு வந்திருக்கிறது. பணத்துக்காக 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை. அதே மாடியில் பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், ரசீது இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஜிபேயில் பணம் போன பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், டிக் அடித்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். என்னுடையது என் பீரோவில் இருக்கிறது, ஆறு டிக், ஒன்பது வெற்றுக் கட்டம்.