வால்வு ரேடியோவின் ஸ்பீக்கரைப் பொருத்தத் தெரிந்த கடை

மதுரை டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய்களால் (வால்வுகளால்) இயங்கும் பழைய வால்வு ரேடியோக்களை மட்டும் பழுதுபார்க்கும் சிறிய கடையில் எங்கள் வீட்டு மர்ஃபி ரேடியோ செட்டைக் கொடுத்து வாங்கினேன். ஓடாத செட்டை ஓட வைப்பவர்கள் ஊரில் வேறு சிலரும் உண்டு. ஆனால் பின்மூடியைக் கழற்றியதும் வால்வுகளை விட்டுவிட்டு, ஸ்பீக்கர் பலகையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பார்த்தவர் இக்கடைக்காரர்தான்.

முன்பு பழுதுபார்த்த ஒருவர் எட்டு அங்குல ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, ஆறு அங்குலப் புது ஸ்பீக்கரை அதே துளையில் தகரப் பட்டைகளால் நிறுத்தியிருந்தார். ஸ்பீக்கரில் அதிரும் கூம்பின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இவ்விரண்டும் கலந்துவிடாமல் தடுப்பதே பலகையின் வேலை என்பதால், ஓரத்தில் இடைவெளி விட்டால் தாழ்ந்த ஒலிகளே முதலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பி எங்கள் செட்டில் கேட்காமல் போனதற்கு அதுவே காரணம். போதாக்குறைக்கு, வால்விலிருந்து ஸ்பீக்கருக்கு ஒலியைக் கொடுக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் 3 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கருக்கானதாக இருக்க, அதற்குப் பொருந்தாத 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்திருந்தார்.

கடைக்காரர் பழைய 3 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குப் புதுக் கூம்பு ஒட்டி, பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஃபெல்ட் வளையம் வைத்து, நான்கு திருகுகளையும் எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கினார். ஒன்றை மட்டும் முழுதாக இறுக்கினால் சட்டம் வளைந்து, கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் காந்தத்தின் இடுக்கில் உரசிக் கரகரக்குமாம். பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டான சேசிஸுக்கு அடியில் கல்லாகிப்போன ரப்பர்களையும் மாற்றினார். இல்லாவிட்டால் ஸ்பீக்கரின் அதிர்வு, நிலையம் தேடித் திருப்பும் கேங் கண்டென்சரின் தகடுகளுக்கு ஏறி, சத்தத்தைக் கூட்டியதும் செட் ஊளையிடும்.

திருச்சி நிலையத்தை 936 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் பேச்சு இப்போது தெளிவாகவும் கனமாகவும் ஒலிக்கிறது. எனினும் மீடியம் வேவில் உயர்ந்த ஒலிகள் அதிகம் வருவதில்லை. பொருத்தியதன் தரத்தை அறிய, பின்புறமுள்ள, இசைத்தட்டுக் கருவியை இணைக்கும் பிக்கப் துளையில் பாட்டைக் கொடுத்துக் கேட்பதே சரி.

குறைகளும் உண்டு. முன்பக்கத்துக்கு அவர் ஒட்டிய துணி தடிமனானது; ஜால்ராவின் கூர்மையை அது விழுங்கியதால் மெல்லிய துணிக்கு மாற்றச் சொன்னேன். துளையில்லாத ப்ளைவுட் பின்மூடியையும் மறுத்துவிட்டேன், ஏனெனில் வால்வுகளின் சூடு வெளியேறாது, ஆண்குரலும் பெட்டிக்குள் முழங்கும். கூலியை முன்கூட்டியே சொல்வதில்லை. சொன்ன தேதிக்குத் தருவதுமில்லை.

செட்டைக் கொடுப்பவர்கள் ஸ்பீக்கரை மட்டும் கழற்றி எடுத்துச் செல்லாமல், பெட்டியோடு கொண்டுபோவது நல்லது. ஸ்பீக்கர் இல்லாத செட்டை வீட்டில் யாராவது போட்டுவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடக்கூடும்.