சி.ஈ.எச்.ஆ, ஓ.எஸ்.சி.பி.யா? வீட்டுக் காசில் படிக்கும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

எத்திக்கல் ஹக்கிங் (உரியவரின் அனுமதியோடு அவருடைய கணினிகளுக்குள் நுழைந்து ஓட்டை தேடிச் சொல்லும் வேலை) பக்கம் போக விரும்பும் பிள்ளைகள் திருகோணமலையில் இப்போது நிறையப் பேர். கோணேசபுரி வளாகத்தில் கணினி படிப்பவர்கள், எச்.என்.டி. செய்பவர்கள், உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் என்று யாரைச் சந்தித்தாலும் கேள்வி ஒன்றுதான். "அண்ணா, சி.ஈ.எச். செய்யவா, ஓ.எஸ்.சி.பி. செய்யவா?" இரண்டும் இந்தத் துறைச் சான்றிதழ்கள்.

கேட்பவருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. தகப்பன் கட்டாரில் உழைத்து அனுப்பும் காசு, அல்லது அடகுக்குப் போகவிருக்கும் அம்மாவின் காப்பு. ஆகவே இதற்கு வாய்க்கு வந்த பதிலைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வீட்டுக் காசு போட்டுப் படிக்கிறவர் இந்த இரண்டில் எதையுமே முதலாவதாக எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சி.ஈ.எச். ஈ.சி. கவுன்சில் என்ற நிறுவனம் நடத்தும் இந்தப் பரீட்சையில் 125 பல்தேர்வு வினாக்கள், 4 மணித்தியாலம். அவர்களுடைய உத்தியோகபூர்வப் பயிற்சி எடுக்காமல் நேரே பரீட்சைக்குப் போவதென்றால், 2 வருடம் தகவல் பாதுகாப்புத் துறையில் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கே 100 டொலர். பரீட்சைக் கட்டணம் ஆயிரம் டொலரை ஒட்டி வரும்; டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 3 இலட்சம். அதோடு முடியாது. வருடாவருடம் 80 டொலர் கட்ட வேண்டும், 3 வருடத்துக்குள் 120 தொடர்கல்விப் புள்ளிகளும் சேர்க்க வேண்டும்.

இவ்வளவு விலைக்கும் மதிப்பு எங்கிருந்து வந்தது? அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் பணியாளர்களுக்கு வேண்டிய சான்றிதழ்களின் பட்டியலில் 2010இல் சி.ஈ.எச்.சைச் சேர்த்தது. அப்புறம் அந்தப் பெயர் கேள்வி மனுக்களிலும் வேலை விளம்பரங்களிலும் ஒட்டிக்கொண்டது. டுபாயிலோ தோஹாவிலோ ஆட்சேர்ப்புப் பிரிவில் இருப்பவருக்கு உங்கள் கைத்திறனை அளக்கத் தெரியாது. பட்டியலில் உள்ள பெயர் விண்ணப்பத்தில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அந்த இடத்தில் சி.ஈ.எச். உண்மையிலேயே வேலை செய்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அது வேலை அனுபவம் உள்ள ஒருவருக்குப் பயன்படும் பெயர். படித்து முடித்த கையோடு, வேறு எதுவும் இல்லாமல் அதை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் நேர்முகத்தில் கேட்கப்படும் இரண்டாவது கேள்வியே அவரைத் தடுமாற வைத்துவிடும்.

ஏன் என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். பல்தேர்வு வினா ஒன்று இப்படி இருக்கும்: "டி.சி.பி. இணைப்பை முழுமையாக ஏற்படுத்தாமல் போர்ட்களை ஆராயும் முறை எது?" விடை, சின் ஸ்கேன். (போர்ட் என்றால் கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய இலக்கமிட்ட வாசல்.) மனப்பாடம் செய்தால் போதும், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பயிற்சி இயந்திரம் ஒன்றின் முன்னால் உட்கார்ந்தால் அதே விஷயம் வேறு மாதிரி. போர்ட்களை ஆராயும் கருவியான என்மேப் ஓடி முடிந்து 22, 80, 445 என்று மூன்று போர்ட் திறந்திருப்பதாகக் காட்டுகிறது. 80இல் ஒரு வெற்று இணையப் பக்கம்; அதைக் குடைந்து ஒரு மணித்தியாலம் போகிறது, ஒன்றும் இல்லை. 445க்குத் திரும்பினால் கடவுச்சொல் இல்லாமலே திறக்கும் ஒரு பகிர்வுக் கோப்புறை. உள்ளே யாரோ விட்டுப்போன பழைய பேக்கப் ஸ்கிரிப்ட், அதற்குள் ஒரு கடவுச்சொல். அதை 22இல், அதாவது தொலைவிலிருந்து உள்நுழையும் வாசலில், போட்டுப் பார்க்கத் தோன்ற வேண்டும். உள்ளே போன பிறகும் சாதாரணப் பயனராகத்தான் நிற்பீர்கள். நிர்வாகியாக மாற இன்னொரு ஓட்டை தேட வேண்டும். வேலை என்பது இந்தத் தேடல்தான். சி.ஈ.எச்.சிலும் 6 மணித்தியாலச் செய்முறைப் பரீட்சை ஒன்று தனியாக உண்டு. விளம்பரங்களில் கேட்கப்படுவது என்னவோ அந்த 125 வினாதான்.

ஓ.எஸ்.சி.பி. இந்தத் தேடலையே பரீட்சையாக்குகிறது. நடத்துபவர்கள், ஹக்கிங் வேலைக்கான இயங்குதளமான காலி லினக்ஸை உருவாக்கிய ஒஃப்செக் நிறுவனத்தார். 23 மணித்தியாலம் 45 நிமிடம், கமராவுக்கு முன்னால். அதன் பின் அறிக்கை எழுத 24 மணித்தியாலம். தனி இயந்திரங்கள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி. அக்டிவ் டிரெக்டரி (ஒரு நிறுவனத்தின் விண்டோஸ் கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் முறை) வலையமைப்பு ஒன்று, 40 புள்ளி. சித்தியடைய 70 வேண்டும். கூட்டிப் பாருங்கள்: மூன்று தனி இயந்திரங்களையும் முழுதாக வீழ்த்தினாலும் 60தான். அக்டிவ் டிரெக்டரி தெரியாமல் யாரும் இதைத் தாண்ட முடியாது. தயாராக உள்ள தாக்குதல்களை ஓட்டித்தரும் மெட்டாஸ்ப்ளொயிட் கருவியைப் பாவிக்கலாம் என்பதும் ஒரேயொரு இயந்திரத்துக்கு மட்டுமே. 2024 நவம்பர் 1 முதல் சித்தியடைபவர்களுக்கு ஓ.எஸ்.சி.பி.யோடு ஓ.எஸ்.சி.பி. பிளஸ் என்ற ஒன்றும் கிடைக்கிறது. பிளஸ் 3 வருடத்தில் காலாவதியாகும், பழையது ஆயுள் முழுக்க நிற்கும். முன்பு பயிற்சிக்காகக் கிடைத்த 10 மேலதிகப் புள்ளிகளும் அந்தத் திகதியோடு இல்லாமல் போய்விட்டன. பழைய காணொளிகளைப் பார்த்துத் திட்டம் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தொழில்நுட்பம் தெரிந்தவர் நேர்முகம் செய்யும் இடங்களில் ஓ.எஸ்.சி.பி.க்கு இருக்கும் மரியாதை சி.ஈ.எச்.சுக்கு இல்லை. கொழும்பிலும் அப்படித்தான், வெளிநாட்டிலும் அப்படித்தான். அது உழைத்துச் சம்பாதித்த மரியாதை. ஆனால் பாடநெறியும் ஒரு பரீட்சை வாய்ப்பும் சேர்த்து 1,700 டொலரைத் தாண்டும். 5 இலட்சத்துக்கு மேல், அதுவும் ஒரே ஒரு முயற்சிக்கு. தவறினால் மறு பரீட்சைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். முதல் சம்பளம் வாங்காத ஒருவரின் தோளில் அந்தச் சுமையை ஏற்றுவது சரியில்லை. வேலைக்குப் போன பின், கொம்பனி கட்டும்போது எடுங்கள். பாதுகாப்புச் சோதனை செய்யும் கொம்பனிகளில் பல கட்டத்தான் செய்கின்றன, ஏனென்றால் வாடிக்கையாளரிடம் காட்ட அவர்களுக்கும் அது தேவை.

அப்படியானால் முதலில் எது? நான் கைகாட்டுவது ஹக் த பொக்ஸ் என்ற இணையப் பயிற்சித் தளத்தின் சி.பி.டி.எஸ். சான்றிதழ். பரீட்சை வாய்ப்பு 200 டொலர் சொச்சம். ஆனால் அதற்கு முன் அவர்களுடைய 28 பாட அலகுகளையும் முடித்தே ஆகவேண்டும், குறுக்கு வழி கிடையாது. உங்கள் பல்கலைக்கழக மின்னஞ்சல் அங்கே ஏற்கப்பட்டால் மாணவர் சந்தா மாதம் 8 டொலர்தான். பரீட்சைக்கு 10 நாள். உள்ளே நுழைந்ததற்கு அடையாளமாக ஒளித்து வைத்திருக்கும் 14 கொடிகளில் 12 எடுக்க வேண்டும், அதோடு ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தரத்தில் அறிக்கையும் எழுத வேண்டும். பாடத்தின் ஆழத்தில் இது ஓ.எஸ்.சி.பி.க்குக் குறைந்ததல்ல, என் கண்ணில் ஒரு படி மேல். குறை ஒன்றே, பெயர் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. ஆட்சேர்ப்புப் பிரிவு தாண்டும்வரை அது உதவாது, தாண்டிய பிறகு நன்றாகவே உதவும்.

அது கனமாகத் தெரிந்தால் ஈ.ஜே.பி.டி. சான்றிதழ் இருக்கிறது. 48 மணித்தியாலம், 35 வினா, உலாவியிலேயே லேப் திறக்கும், 250 டொலர் அளவு. தொடக்கக்காரருக்கு நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். டி.சி.எம். செக்யூரிட்டியின் பி.என்.பி.டி. எனக்கு வேறொரு காரணத்துக்காகப் பிடிக்கும்: 5 நாள் சோதனை, 2 நாள் அறிக்கை, அதன் பின் கண்டுபிடித்ததை 15 நிமிடம் வாயால் விளக்க வேண்டும். நமது பிள்ளைகள் பலர் லேப்பில் கெட்டிக்காரர்கள், ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னால் குரல் அடங்கிவிடும். அந்த 15 நிமிடத்துக்குத் தயாராவதே பெரிய பயிற்சி. செக்யூரிட்டி பிளஸ் என்ற பொதுவான பாதுகாப்புச் சான்றிதழ், வலையமைப்பு அல்லது உதவிமேசை வேலையில் இருந்துகொண்டு இந்தப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு. ஹக்கிங் அதில் கொஞ்சம்தான்.

சான்றிதழே இல்லாமல் போக முடியாதா என்றும் கேட்கிறார்கள். முடியும், ஆனால் ஆதாரம் வேண்டும். போர்ட்ஸ்விகரின் வெப் செக்யூரிட்டி அகடமி முழுக்க இலவசம், இணையச் செயலிச் சோதனைக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. விண்டோஸ் சேர்வரின் 180 நாள் சோதனைப் பிரதியை இறக்கி, 16 ஜி.பி. நினைவகம் உள்ள ஒரு லப்டொப்பில் சின்ன அக்டிவ் டிரெக்டரி கட்டிப் பழகலாம். பழகியதை எழுதுங்கள். எழுத்துதான் கடைசியில் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும்.

நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதி தன் முன்பதிவுத் தளத்தைச் சோதிக்கச் சொல்லி உங்களிடம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் எழுதுகிறார்: "அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாடு உள்ளது. அபாயம் உயர்." இன்னொருவர் எழுதுகிறார்: "முகவரியில் உள்ள முன்பதிவு இலக்கம் 1045ஐ 1046 என்று மாற்றினால் வேறொரு விருந்தினரின் கடவுச்சீட்டுப் பிரதி திறக்கிறது. கேட்பவருக்குரிய பதிவுதானா என்று சேவையகம் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கோரிக்கையிலும் அதைச் சரிபார்க்க வேண்டும். அதுவரை பிரதிகளை இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள்." விடுதி முதலாளிக்கு இரண்டாவது அறிக்கையை வைத்து அன்று பின்னேரமே ஏதாவது செய்ய முடியும். சி.பி.டி.எஸ்., பி.என்.பி.டி., ஓ.எஸ்.சி.பி. மூன்றும் இதைப் பழக்குகின்றன. 125 வினா பழக்காது.

அந்த விடுதி கேட்காமல் நீங்களாகவே இலக்கத்தை மாற்றிப் பார்த்தால் கதை வேறு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அதிகாரமில்லாமல் அணுகுவதற்கு 5 வருடம் வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் வைத்திருக்கிறது. எந்தச் சான்றிதழும் அந்த அதிகாரத்தைத் தராது. எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு கீயைக்கூடத் தட்டாதீர்கள்.

ஆக என் வரிசை இதுதான். இலவச லேப்களில் ஆறு மாதமாவது, பிறகு சி.பி.டி.எஸ்., அதை வைத்து ஒரு கனிஷ்ட வேலை, கொம்பனிச் செலவில் ஓ.எஸ்.சி.பி. வளைகுடாவுக்கோ ஒரு கேள்வி மனுவுக்கோ பெயர் தேவைப்பட்டால் அப்போது சி.ஈ.எச். வாரக்கடைசி வகுப்பு நடத்தி "சி.ஈ.எச். முடித்தால் வேலை நிச்சயம்" என்று இலட்சங்கள் வாங்குபவர்களிடம், போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே விஷயம் விளங்கும்.

ஓ.எஸ்.சி.பி.க்குத் திகதி எடுக்கும்போது இன்னொன்று. ஒரு நாள் முழுக்க மின்சாரமும் இணையமும் அறாமல் இருக்க வேண்டும். மார்கழி மழையில் இங்கே அதை நம்ப முடியாது. மாசிக்குப் பின் பாருங்கள். அப்போதும் முழு உத்தரவாதம் கிடையாது, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ்., தொலைபேசியில் வேறொரு நிறுவனத்தின் டேட்டா, இரண்டையும் முதல் நாளே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.