‘நேபாளம் வழியாக சவூதி’ என்று பேக்கேஜ் விற்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

நான் ஏமாந்த தொகை ரூ.1,48,500. மூன்று சவரன் வளையலும் ஒரு சங்கிலியும் கூட்டுறவு வங்கியில் அடகில் இருக்கின்றன, வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கிக்கொண்டவனோ இன்று காலையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விமானப் படம் போட்டு, ‘தம்மாம், ரியாத், ஜித்தா திரும்ப வேண்டுமா? உடனே அழையுங்கள்’ என்று எழுதியிருக்கிறான். அதைப் பார்த்த கொதிப்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டத்தில் பஸ் நிலையத்தை ஒட்டி விமான டிக்கெட், பாஸ்போர்ட் விண்ணப்பம், உம்ரா பயணம் எல்லாம் பார்க்கும் ஒரு டிராவல்ஸ் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த மாதிரிக் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நான் சவூதியின் தம்மாமில் ஏசி மெக்கானிக். 2021 ஜனவரியில் விடுப்பில் வந்தேன். பிப்ரவரி 2 அன்று, கொரோனா காரணமாக, இந்தியா உட்பட இருபது நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு சவூதி அரசு தடை அறிவித்தது. மறுநாள் இரவு முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலிருந்து அதற்கு முன்பே நேரடியாகப் போக முடியாததால் அதுவரை எல்லாரும் துபாயில் பதினான்கு நாள் தங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அமீரகமும் அந்தப் பட்டியலில் வந்துவிட்டதால் அங்கே காத்திருந்தவர்கள் பாதியில் மாட்டிக்கொண்டார்கள். தடையில் இல்லாத ஏதாவது ஒரு நாட்டில் பதினான்கு நாள் இருந்துவிட்டுப் போவதுதான் மிச்சமிருந்த வழி. நேபாளம், மாலத்தீவு, பஹ்ரைன், ஓமன் என்று ஏஜென்டுகள் பிரித்து விற்க ஆரம்பித்தது இப்படித்தான்.

சவூதியில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் புரியும். இக்காமாவை, அதாவது குடியிருப்பு அனுமதியை, நீட்டிப்பது நம் கையில் இல்லை, விசா கொடுத்த முதலாளியான கபில் கையில் இருக்கிறது. ரீ-என்ட்ரி, அதாவது விடுப்பில் போய்த் திரும்புவதற்கான விசா, முடியும் தேதிக்குள் திரும்பவில்லை என்றால் மூன்று வருடத்துக்கு வேறு கம்பெனி விசாவில் உள்ளே போக முடியாது என்பது அப்போதைய விதி. பதினோரு வருட உழைப்பு ஒரு தேதியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது யார் வழி சொன்னாலும் காது அந்தப் பக்கம் போகத்தான் செய்யும். இவர்கள் விற்பது டிக்கெட் அல்ல. அந்தத் தேதியைப் பற்றிய நம் பயத்தை நமக்கே விற்கிறார்கள்.

அந்த டிராவல்ஸ்காரன் பேசிய விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. கடைக்குள் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, “அண்ணே, முதலில் இக்காமாவைக் காட்டுங்கள், டிக்கெட் அப்புறம்” என்றான். அட்டையைப் பார்த்துவிட்டு என் தொழிலை அரபியில் சரியாக வாசித்தான். “நானும் ஜித்தாவில் எட்டு வருடம் கிடந்தவன்தான். ரீ-என்ட்ரி முடிகிற வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியாதா?” என்றான். உடனே போனை எடுத்து ஒருவரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டான். எதிர்முனையில் இருந்தவர் ஜுபைலில் இருப்பதாகவும், போன மாதம்தான் காத்மாண்டு வழியாக வந்து சேர்ந்ததாகவும் சொன்னார். “தம்பி எல்லாம் சரியாகச் செய்து கொடுத்தார், பயப்படாமல் வாருங்கள்” என்றார். அந்தக் குரல் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருபது பேரின் பாஸ்போர்ட் நகல்களை மேசையில் விரித்து, “இவர்கள் எல்லாம் உங்களோடு வருகிறார்கள், தனியாக விடுவேனா?” என்றான். கடைசியில் என் மனைவியிடம் திரும்பி, “அக்கா, அண்ணன் ரம்ஜானுக்குள் வேலையில் சேர்ந்துவிடுவார்” என்றான். அந்த ஒரு வார்த்தையில் அவள் வளையலைக் கழற்றிவிட்டாள்.

பேக்கேஜ் ரூ.1,26,000. சென்னையிலிருந்து டெல்லி வழியாக காத்மாண்டு விமானம், இரண்டு பேருக்கு ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கொரோனாவுக்கான பிசிஆர் பரிசோதனை, தூதரகத் தடையில்லாச் சான்று, பதினைந்தாம் நாள் காத்மாண்டிலிருந்து தம்மாம் டிக்கெட். முக்கால் பங்கை ரொக்கமாகக் கேட்டான். ரசீது கேட்டதற்கு லெட்டர் பேடில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையால் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தான். ஜிஎஸ்டி எண் கிடையாது. “ஜிஎஸ்டி போட்டால் உங்களுக்குத்தான் அண்ணே கூடுதல் செலவு” என்றான். என் நன்மைக்காக வரி ஏய்த்த புண்ணியவான்!

ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு மறுநாள் புறப்பட்டேன். காத்மாண்டுவில் தமேல் பகுதியில் ஒரு சின்ன ஓட்டல். இரண்டு பேர் அறை என்றது ஐந்து பேராகியது. நோயிலிருந்து தள்ளி நிற்பதற்காக விதிக்கப்பட்ட பதினான்கு நாளை ஐந்து பேர் ஒரே கழிப்பறையில் கழித்தோம். சாப்பாடு காலையும் மாலையும் சோறும் பருப்பும். தடையில்லாச் சான்றுக்கு லைஞ்சௌரில் இருக்கும் இந்தியத் தூதரகத்தின் முன் நாங்களே விடியலில் போய் வரிசையில் நின்றோம். மலையாளிகள், தெலுங்குக்காரர்கள், உத்தரப் பிரதேசத்துக்காரர்கள் என்று தெருமுனை தாண்டிக் கூட்டம். ‘சான்று உட்பட’ என்று அவன் வாங்கிய பணம் எதற்கு என்று அங்கேயே கேட்டிருப்போம், அவன் போனை எடுத்திருந்தால். இதெல்லாம் சின்ன விஷயம். தம்மாம் போய்ச் சேர்ந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

அங்கே இருக்கும்போதுதான் இரண்டாவது அடி. ஒரு நாள் அவனாகவே அழைத்தான். “அண்ணே, உங்கள் ரீ-என்ட்ரி மே முதல் வாரம் முடிகிறது. விமானம் இரண்டு நாள் தள்ளினாலும் வம்பு. ரியாத்தில் நம் ஆள் இருக்கிறார், இக்காமாவையும் ரீ-என்ட்ரியையும் சேர்த்து நீட்டித்துவிடலாம்” என்றான். கணக்கும் சொன்னான். இக்காமாவுக்கு 650 ரியால், ரீ-என்ட்ரிக்கு மாதம் 100 ரியால், மீதி ஆபீஸ் செலவு, மொத்தம் ரூ.22,500. 650 ரியாலும் 100 ரியாலும் அப்போது சவூதி அரசின் உண்மையான கட்டணங்கள். உண்மையான இரண்டு எண்களுக்கு நடுவில்தான் பொய்யை வைத்தான். மனைவி கூகுள் பே மூலம் அனுப்பினாள். மறுநாளே அரபியில் ஒரு தாள் வாட்ஸ்அப்பில் வந்தது. என் பெயர், இக்காமா எண், ஜூன் மாதத் தேதி. நிம்மதியாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 24 அன்று திரிபுவன் விமான நிலையம். பிசிஆர் முடிவு கையில், தடையில்லாச் சான்று கையில், அவன் அனுப்பிய டிக்கெட்டின் அச்சுப் பிரதி கையில். கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு முன்பதிவு இருந்தது, பணம் கட்டாததால் அது தானாகவே ரத்தாகிவிட்டது என்று இந்தியில் சொன்னார். ஆறு எழுத்துப் பதிவு எண் மட்டும் இருக்கிறது, டிக்கெட் எண்ணே இல்லை என்று தாளில் அந்த இடத்தை விரலால் காட்டினார். எங்கள் அறையில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேருக்கு இதே கதை. மற்ற இரண்டு பேர் வேறு ஏஜென்ட் மூலம் வந்தவர்கள். அவர்கள் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏப்ரல் 24. விமானம் ஓடிக்கொண்டிருந்த நாள் அது.

இனி அவன் சொன்ன சமாதானங்கள். “சிஸ்டம் கோளாறு அண்ணே, நாளைக்கே வேறு டிக்கெட்.” மறுநாள், “இப்போது மீட்டிங்கில் இருக்கிறேன்.” அதற்கு மறுநாள் கடைப் பையன் எடுத்து, “முதலாளிக்குக் கொரோனா, தனிமையில் இருக்கிறார்” என்றான். அதே மாலை முதலாளி ஸ்டேட்டஸில் மாலத்தீவுக் கடற்கரை! ஏப்ரல் 28 முதல் நேபாளம் வழியாக வெளிநாட்டவர் மூன்றாம் நாட்டுக்குப் போக அந்நாட்டு அரசு தடை போட்டது. அன்றைக்கு அவனுக்குக் குரலே மாறிவிட்டது. நான் அழைக்காமலேயே அவனாகவே அழைத்து, “பார்த்தீர்களா அண்ணே, நேபாள அரசே மூடிவிட்டது, நான் என்ன செய்ய முடியும்? இது கடவுள் செயல்” என்றான். நான்கு நாள் முன்னால் ஏற வேண்டிய விமானத்துக்கு டிக்கெட்டே வாங்காதவன், பின்னால் வந்த தடையின் மீது பழியைப் போடுகிறான். பேச்சு மூச்சின்றிக் கிடந்தவனுக்கு ஓர் அரசு உத்தரவு உயிர் கொடுத்துவிட்டது.

ஓட்டல்காரரும் பாதி நாட்களுக்குத்தான் பணம் வந்திருக்கிறது என்று மீதியை எங்களிடம் கேட்டார். கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தோம். 29 அன்று காத்மாண்டு பள்ளத்தாக்கில் ஊரடங்கு. மே 6 நள்ளிரவோடு வெளிநாட்டு விமானங்களும் நின்றன. கிடைத்த வண்டியில் சுனௌலி எல்லை, அங்கிருந்து கோரக்பூர், ரயிலில் சென்னை. வந்து சேர்ந்த சில நாளில் மே 10 முழு ஊரடங்கு. அவன் கடையும் பூட்டிக்கொண்டது, இந்த முறை சட்டப்படி. காவல் நிலையத்தில் மனுவை வாங்கக்கூட இல்லை, ஊரடங்கு முடியட்டும் என்றார்கள்.

அந்த அரபித் தாளின் கதையைக் கேளுங்கள். எங்கள் கம்பெனியில் ஜவாசாத் (சவூதி குடிவரவுத் துறை) வேலைகளைக் கவனிக்கும் மலையாளி நண்பருக்கு அதை அனுப்பி, இது செல்லுமா என்று கேட்டேன். வாய்ஸ் மெசேஜில் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் எரிகிறது. மார்ச் கடைசியிலேயே கம்பெனி விடுப்பில் இருந்த எல்லாருக்கும் நீட்டித்துவிட்டதாம். கம்பெனியின் கணக்கு வழியாக அல்லாமல் வெளியாள் யாராலும் அதைச் செய்யவே முடியாதாம். இவன் செய்தது, சவூதியின் முகீம் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கக்கூடிய விசா காலாவதிப் பக்கத்தில் என் எண்ணைத் தட்டி அச்சிட்டது மட்டும். என் கம்பெனி ஏற்கெனவே செய்து முடித்த வேலையின் நகலை எனக்கு ரூ.22,500க்கு விற்றிருக்கிறான். இதற்கு மேல், மே 24 அன்று சவூதி மன்னரின் உத்தரவுப்படி, தடை விதிக்கப்பட்ட நாடுகளில் சிக்கியிருப்பவர்களின் இக்காமாவும் ரீ-என்ட்ரியும் ஜூன் 2 வரை கட்டணமில்லாமல் நீட்டிக்கப்பட்டன. பிறகு அதையே ஜூலை 31 வரை ஆக்கினார்கள். யாரும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை, தானாகவே ஏறியது. இது தெரிந்த பிறகும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் போன வாரம் ‘நீட்டிப்புக் கட்டணம்’ வாங்கியிருக்கிறான்.

தளர்வு வந்து கடை திறந்ததும் போனேன். அதே நாற்காலியை இழுத்துப் போட்டான், அதே “அண்ணே.” ஓட்டலுக்கும் விமானத்துக்கும் போனது போக மீதியைக் ‘கிரெடிட்’ ஆக வைத்திருக்கிறானாம். இன்னும் ரூ.90,000 கட்டினால் அடுத்த வழியில் அனுப்புவானாம். எந்த வழி என்றேன். மாலத்தீவு என்றான். மே 13 முதல் தெற்காசியாவிலிருந்து வரும் பயணிகளை மாலத்தீவு அனுமதிப்பதில்லை என்றேன். அப்படியானால் பஹ்ரைன் என்றான். பஹ்ரைனில் குடியிருப்பு அனுமதி இல்லாத இந்தியர்களை அங்கேயும் மே மாதமே நிறுத்திவிட்டார்கள். அதைச் சொன்னதும் முகம் மாறியது. “இவ்வளவு தெரிந்தவர் நீங்களே போயிருக்க வேண்டியதுதானே” என்றான். என் ரூ.1,48,500க்கு அவன் கொடுத்த கடைசிப் பதில் அது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, ஆத்திரத்தில் கை நடுங்குகிறது. அவசரத்துக்கு இவை மட்டும். டிக்கெட்டில் பதின்மூன்று இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு விமான நிறுவனத்துக்கே போன் செய்து கேளுங்கள். ஆறு எழுத்து மட்டும் இருந்தால் அதை உறுதியான டிக்கெட் என்று நம்பிவிடாதீர்கள். இக்காமா, ரீ-என்ட்ரி நீட்டிப்புக்கு எந்த ஏஜென்டிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், கம்பெனியைக் கேளுங்கள், முகீமில் நீங்களே பாருங்கள். ரொக்கம் வேண்டாம். ஸ்பீக்கரில் பேசும் ‘போய்ச் சேர்ந்தவரை’ நம்பாதீர்கள்.

இதே கடையில் பணம் கட்டியவர்கள் இருந்தால் அந்த லெட்டர் பேடு ரசீதையும் கூகுள் பே பதிவையும் எடுத்துக்கொண்டு எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அந்த அறையில் என்னோடு ஏமாந்த மற்ற இரண்டு பேரும் ஏற்கெனவே என்னோடு சேர்ந்துவிட்டார்கள். திங்கட்கிழமை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறோம்.