பி.இ. விகிதம் படிக்க ஒரு ஞாயிறு: நாகர்கோவில் வகுப்பு பற்றி

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பங்குச்சந்தை வகுப்பில், மின்துறை நிறுவனங்களின் பி.இ. விகிதத்தைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் படிப்பது எப்படி என்ற அரைநாள் பாடத்துக்கு 600 ரூபாய் கட்டிச் சென்று வந்தேன். பாடம் நன்று, கையில் கொடுத்த அச்சுத்தாளில்தான் கோளாறு.

பங்கின் விலையைப் பங்கு ஒன்றுக்கான லாபத்தால் வகுத்தால் பி.இ. என்பதை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, மின்துறையில் அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்பதற்கே ஆசிரியர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். மின்சாரம் உற்பத்தி செய்யும் என்டிபிசி, அதைத் தொலைதூரக் கம்பிகளில் கொண்டுசெல்லும் பவர் கிரிட் போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்கு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டண விதிகளை வகுக்கிறது. 2019-24 காலத்தில் அனல்மின் நிலையங்களுக்கும் மின்தொடரமைப்புக்கும் பங்கு மூலதனத்தின் மீது அனுமதிக்கப்பட்ட அடிப்படை வருவாய் 15.5 சதவீதம். லாபம் இப்படி விதிக்கு அடங்கியே வளர்வதால், பி.இ. கோடு சட்டென்று ஏறினால் பெரும்பாலும் விலைதான் ஓடியிருக்கும் என்றும், வட்டி இறங்கும் காலத்தில் ஈவுத்தொகை ஒழுங்காகத் தரும் இந்தப் பங்குகளுக்குக் கிராக்கி கூடுவது வழக்கம் என்றும் விளக்கினார்.

ஒரு காலாண்டு லாபத்தை நான்கால் பெருக்கி ஆண்டு லாபமாக்கும் பழக்கம் ஏன் ஆகாது என்பதற்கு அவர் காட்டிய உதாரணம் ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள முப்பந்தல் காற்றாலைகள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுழல்வதுபோல் அவை மார்கழியில் சுழல்வதில்லை. ஆகவே கடந்த நான்கு காலாண்டுகளையும் கூட்டித்தான் வகுக்க வேண்டும். ஆரல்வாய்மொழி வழியாகப் பேருந்தில் போய்வருகிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒருவர், "நம்ம வாரியத்தோட பங்கு எங்க சார் கிடைக்கும்?" என்று கேட்டபோதுதான் அறை சிரித்தது. அது முழுக்க அரசுடைமை, சந்தையில் பட்டியலிடப்படவில்லை என்று பொறுமையாகவே பதில் வந்தது.

இனி அச்சுத்தாள். பவர் கிரிட் 2021-இல் 3 பங்குக்கு 1 போனஸ் பங்கு, அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு இலவசக் கூடுதல் பங்கு கொடுத்தது. பங்குகளின் எண்ணிக்கை கூடுவதால் ஒரு பங்கின் விலையும் பங்குக்கான லாபமும் சேர்ந்தே குறையும். தாளில் விலையை அதற்கேற்பக் குறைத்தவர்கள், பழைய ஆண்டுகளின் பங்குக்கான லாபத்தைக் குறைக்காமல் விட்டுவிட்டார்கள். கணக்குக்காக, பங்கு விலை 150 ரூபாய், பங்குக்கு லாபம் 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பி.இ. 10. போனஸுக்குப் பின் விலை 112.50, லாபத்தையும் 11.25 ஆக்கினால் அதே 10 வரும். 15-ஐ அப்படியே வைத்தால் 7.5 ஆகிவிடும். பங்கு மலிவாக இருந்ததாகத் தாள் காட்டிய அந்த ஆண்டுகளை நான் பென்சிலால் திருத்திப் பார்த்தபோது, அந்தக் கால்பங்கு மலிவு காணாமல் போயிற்று.

இடைவேளையில் காட்டினேன். ஆசிரியர் மறுக்கவில்லை, திருத்திய தாளை அனுப்புவதாகச் சொன்னார். மூன்று வாரமாகியும் வரவில்லை. அடுத்த வகுப்புக்குச் செல்பவர்கள் தாளின் என்டிபிசி பக்கத்தில் 2018-ஆம் ஆண்டு வரிசையையும் சரிபாருங்கள். 2019 மார்ச்சில் அந்த நிறுவனம் கொடுத்த 5-க்கு 1 போனஸுக்கும் லாபம் அங்கே குறைக்கப்படவில்லை.