'பேராக்' பட்டை மெடல் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

சுங்கை சிப்புட்டில் பழைய ராணுவ மெடல் சேர்க்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் போனது 2,600 வெள்ளி (ரிங்கிட்). மலாயில் பேராக் என்றாலும் வெள்ளி, மெடலும் வெள்ளி, போனதும் வெள்ளி. வீட்டில் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

விற்றவரிடம் முதலில் ஒரு பர்மா ஸ்டார், அதாவது பர்மா போர்முனைக்கான நட்சத்திர மெடல், வாங்கினேன். நல்ல சாமான். இரண்டாம் உலகப்போர் ஸ்டார்களை பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியப் படைக்குக் கொடுத்ததில் பின்பக்கம் எண்ணும் பெயரும் இருக்கும். இவர் கொடுத்ததில் அது சரியாக இருந்தது, விலையும் நியாயம். நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் ஒரு நாள் தே தாரிக் குடித்துக்கொண்டே ஆசையைச் சொன்னேன்: ரிப்பனில் 'பேராக்' என்று எழுதிய உலோகப் பட்டை போட்ட மெடல் ஒன்று வேண்டும், அதுவும் தமிழ்ப் பெயரோடு. பேச்சுவாக்கில் என் கொள்ளுத்தாத்தா பெயரையும் சொல்லிவைத்தேன்.

தெரியாதவர்களுக்கு: 1875 நவம்பர் 2ஆம் தேதி பாசிர் சாலாக்கில் பேராக் சுல்தானுக்கு ஆலோசகராக பிரிட்டிஷார் வைத்திருந்த ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்டார். அதற்குப் பதிலடி கொடுக்க வந்த படையில் இந்தியாவிலிருந்து கூர்க்காக்களும் வந்தார்கள். அந்தச் சண்டைக்கென்று தனி மெடல் அடிக்கவில்லை. 1854இல் தொடங்கிய இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடலிலேயே 'பேராக்' என்று ஒரு பட்டை சேர்த்துக் கொடுத்தார்கள். நம் மாநிலத்தின் பெயர் இந்திய மெடலில்! இங்கே பிறந்தவனுக்கு ஆசை வராதா?

மூன்றே வாரத்தில் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. முன்னால் விக்டோரியா தலை, பின்னால் உட்கார்ந்திருக்கும் வீரனுக்கு மாலை சூட்டும் சிறகு வைத்த தேவதை, இரண்டு கருநீலக் கோடு போட்ட சிவப்பு ரிப்பன், பேராக் பட்டை. விளிம்பில் கொள்ளுத்தாத்தாவின் பெயர். அவர் பால்மரம் வெட்ட வந்தவர், 1875இல் பிறந்தே இருக்க மாட்டார். ஆனாலும் பெயரைப் பார்த்ததும் கை நடுங்கியது. லண்டன் மெடல் ரோல் (மெடல் வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியல்) நகல் என்று ஒரு தாளும் வந்தது, அதற்குத் தனியாக 400 வெள்ளி. "யாரிடமாவது காட்டிவிட்டு வாங்குங்க" என்றாள் மனைவி. கேட்டேனா?

இரண்டு மாதம் கழித்து ரிப்பன் கொக்கியைச் சரிசெய்ய நகைக்கடை ஆசாரியிடம் போனேன். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு விளிம்பை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். "அண்ணே, இதுல அரம் போட்டிருக்கு" என்றார். வெர்னியர் அளவுகோல் வைத்துக் குறுக்களவை அளந்தோம். 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 35.2தான் இருந்தது. ராணியைச் சுற்றியுள்ள எழுத்துகளுக்கும் விளிம்புக்கும் நடுவே இடமே இல்லை. பெயரின் பள்ளங்கள் மட்டும் புதுசாகப் பளபளத்தன. பட்டையின் பின்புறம் அம்மைத் தழும்பு மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. அச்சில் அடித்ததில்லை, வார்ப்பு.

அதாவது மெடல் அசல். பட்டை போலி. எவனோ ஒரு சிப்பாய் உயிரைப் பணயம் வைத்து வாங்கிய மெடலில் அவன் பெயரை அராவி எடுத்துவிட்டு, என் ஆசைக்காக வேறு பெயரை வெட்டியிருக்கிறார்கள். பணம் போனதைவிட எனக்கு அதுதான் உறுத்துகிறது. அவன் யார் என்று இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த மெடல் ரோல் தாளைப் படித்திருந்தாலே விழித்திருப்பேன். 'மதராஸ் ரெஜிமென்ட், 1875' என்று இருந்தது. அப்போது அந்தப் பெயர் ஏது? எண்ணோடு சேர்த்து 'மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி' என்றுதான் எழுதுவார்கள். அசல் ரோல்கள் பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும், லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் WO 100 வரிசையிலும் இருக்கின்றன. அங்கிருந்து நகல் எடுத்தவர் ஆவண எண்ணைச் சொல்ல முடியும். என்னிடம் வந்ததில் ஒரு வட்ட ரப்பர் முத்திரைதான் இருந்தது.

காசு கொடுக்கும் முன் விளிம்பை முழுச் சுற்றும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், குறுக்களவை வெர்னியரோடு காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

ஆள் இப்போது என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். போன வாரம் கோலகங்சார் நண்பர் ஒருவர் ஆசையாக ஒரு படம் காட்டினார். அதே ரிப்பன், அதே பேராக் பட்டை. விளிம்பில் அவருடைய பாட்டனார் பெயர்.