விமானத் தூரக் கணிப்பான்: கிலோமீட்டர் சரி, மணிக்கணக்கு?

இரண்டு நகரங்களின் பெயர்களைக் கொடுத்தால் அவற்றுக்கு இடையிலான விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நொடியில் காட்டும் இலவச இணையக் கருவி ஒன்றைச் சில வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

தூரத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளமாகக் கொண்டு, இரு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளிலிருந்து பெருவட்டத் தூரத்தை, அதாவது கோளத்தின் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழியை, இது கணக்கிடுகிறது. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் இம்முறையில் அரை சதவீதம் வரை பிழை நேரலாம். பயணிக்கு அது ஒரு பொருட்டன்று. ஆனால் நகர மையங்களுக்கு இடையே அளக்கிறதே தவிர, எந்த விமான நிலையம் என்று இது கேட்பதில்லை. டோக்கியோவின் நரிதா நிலையம் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

சிக்கல் நேரத்தில்தான். தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற ஒரே வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் கூட்டி, விடையை நிமிடம் பிசகாமல் அறிவித்துவிடுகிறது. லண்டனிலிருந்து நியூயார்க் சுமார் 5,570 கிலோமீட்டர். போகவும் வரவும் 6 மணி 41 நிமிடம் என்கிறது. உண்மையில், வட அட்லாண்டிக்கின் மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தை எதிர்த்து நியூயார்க் செல்லும் விமானம், அதே காற்று பின்னிருந்து தள்ள லண்டன் திரும்பும் விமானத்தைவிடப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் அதிகமாக எடுத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் அக்காற்று வலுப்பதால் இடைவெளி இன்னும் கூடும். விமான நிறுவனங்களின் அட்டவணையிலோ ஓடுபாதைக்கு நகர்ந்து செல்லும் நேரமும் சேர்ந்தே இருக்கும்.

வான்வெளித் தடைகளையும் இக்கருவி அறியாது. ஹெல்சிங்கி–டோக்கியோ பயணத்துக்கு இது காட்டும் 9 மணி 10 நிமிடம், 2022-க்கு முன்பு ஏறக்குறைய சரியாகவே இருந்திருக்கும். அவ்வாண்டு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பிறகு, பின்லாந்து விமானங்கள் வடதுருவப் பகுதி வழியாகவோ தெற்கே சுற்றியோ பறந்து சுமார் 13 மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. நான்கு மணி நேர வேறுபாட்டை மதிப்பீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது.

நேர மண்டல வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு, போய்ச் சேரும் ஊரின் உள்ளூர் நேரத்தைத் தனியே காட்டுவது நல்ல வசதி; கோடைகால நேர மாற்றத்தையும் அது சரியாகவே கையாளுகிறது. ஆயினும் பறக்கும் நேரமே தவறாக இருக்கும்போது அந்த உள்ளூர் நேரமும் தவறாகிவிடுகிறது. நேரடி விமானமே இல்லாத நகரங்களுக்கும் இடைத்தங்கலைப் பற்றி ஒரு சொல்லும் இன்றி இதே பாணியில் நேரம் சொல்கிறது. ‘இது மதிப்பீடு மட்டுமே’ என்ற குறிப்பு பக்கத்தின் அடியில், மங்கிய சிறு எழுத்துகளில் கிடக்கிறது. தூரம் பார்க்க இதைத் தொடர்ந்து பயன்படுத்துவேன். இணைப்பு விமானத்தைப் பதிவு செய்யும்போது விமான நிறுவனத்தின் அட்டவணையைத்தான் திறப்பேன்.