ஒற்றை போல்ட்டா, இரட்டை போல்ட்டா: சைக்கிளின் சீட் போஸ்ட்டை மாற்றியபோது செய்த அலசல்

சீட்டைத் தாங்கி பிரேமுக்குள் இறங்கும் தண்டான பழைய சீட் போஸ்ட்டைக் கழற்றி, அதன் தலைப்பகுதியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் மூன்று மாதத் தொல்லைக்குக் காரணம் விளங்கியது. சீட்டின் அடிக்கம்பிகளைத் தாங்கும் தொட்டில் போன்ற துண்டும் தண்டின் தலையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதற்காக இரண்டிலும் வரிவரியாகப் பற்கள் வெட்டியிருந்தார்கள். பின்பக்கத்துப் பற்கள் மட்டும் முனை மழுங்கி, விரல் நகத்தால் வருடினால் தடை எதுவும் தெரியாத அளவுக்குத் தேய்ந்து, வெளிச்சத்தில் பளபளத்தன. ஒவ்வொரு பெரிய பள்ளத்திலும் சீட்டின் மூக்கு சற்றே மேலெழுந்ததும், நான் எத்தனை முறை இறுக்கியும் அது நிலைக்காததும் இதனால்தான். போல்ட்டை மேலும் மேலும் இறுக்கியதுகூட அந்தப் பற்களின் ஆயுளைக் குறைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மாற்றாக என் முன் இருந்தவை மூன்று: அதே ஒற்றை போல்ட் வகையில் தரமான ஓர் அலுமினியத் தண்டு, முன்னும் பின்னும் இரண்டு போல்ட்டுகள் கொண்ட அலுமினியத் தண்டு, கார்பன் தண்டு. நான் இரண்டாவதை வாங்கினேன். ஒன்றரை ஆண்டாக அதில்தான் ஓட்டுகிறேன். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

விட்டம் குறித்து அதிகம் பேசத் தேவையில்லை; அது தேர்வே அல்ல, பிரேம் இடும் கட்டளை. 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டர் ஆகியவை இன்று பரவலாகக் காணப்படும் அளவுகள் என்றாலும், பழைய இரும்பு பிரேம்களில் 26.8, 27.0 போன்றவையும் உண்டு. பழைய தண்டின் அடிப்பகுதியில் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். இல்லையெனில் வெர்னியர் காலிபரால் அளந்துவிட வேண்டும். 27.2 கேட்கும் பிரேமில் 27.0 தண்டு சுலபமாக இறங்கும், பிரேமின் வாயைச் சுற்றி இறுக்கும் வளையமான காலரை இறுக்கினால் நிற்பது போலவும் தோன்றும். ஆனால் காலரின் இரு காதுகளும் நெருங்கி ஒட்டிக்கொண்ட பிறகும் தண்டு மெல்லக் கீழிறங்கும், பிரேமின் வாய்ப்பகுதியும் நெளிந்துபோகும். பெரிய பிரேமில் சிறிய தண்டைப் பொருத்த ஷிம் எனப்படும் இடைக்குழாய் கிடைக்கிறது; சிறிய பிரேமில் பெரிய தண்டைப் பொருத்துவதற்கு வழியே இல்லை.

எடையையும் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். நல்ல அலுமினியத் தண்டுக்கும் கார்பன் தண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் 100 கிராமுக்குள் அடங்கிவிடும். தண்ணீர்க் குப்பியில் அரை டம்ளர் குறைத்து ஊற்றினால் அந்தக் கணக்கு நேராகிவிடும்.

எனக்குத் தீர்மானமாக அமைந்தது தலையின் அமைப்புதான். உட்காருபவரின் எடை சரியாகத் தண்டின் நடுவில் இறங்குவதில்லை. பெரும்பாலும் அடிக்கம்பிகளைக் கவ்வும் பிடியான கிளாம்புக்குச் சில சென்டிமீட்டர் பின்னால்தான் இறங்குகிறது. எனவே ஒவ்வொரு குலுக்கலும் சீட்டைப் பின்பக்கமாகச் சாய்க்க முயல்கிறது. ஒற்றை போல்ட் அமைப்பில் இந்தத் திருப்புவிசையைத் தடுத்து நிறுத்துபவை அந்தப் பற்களும் உராய்வும் மட்டுமே. போல்ட் செய்வது இரு துண்டுகளையும் சேர்த்து அழுத்துவது மட்டும்தான். சுழற்சியை நேராக எதிர்க்கும் இடத்தில் அது இல்லை. இரட்டை போல்ட் அமைப்பிலோ கிளாம்பின் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் போல்ட்டுகள் நிற்பதால், சீட் பின்னால் சாய வேண்டுமானால் முன் போல்ட் நீள வேண்டும், முன்னால் சாய வேண்டுமானால் பின் போல்ட் நீள வேண்டும். எஃகு போல்ட் அவ்வளவு எளிதில் நீண்டுகொடுக்காது. வழுக்கித் தேய்வதற்குப் பற்களும் பெரும்பாலான இரட்டை போல்ட் தலைகளில் கிடையாது. வழவழப்பான வளைபரப்பின் மீது தொட்டில் அமர்ந்திருக்கும்.

இதன் மறுபக்கம் கோணத்தின் நுண்மை. பல் வைத்த தலையில் ஒரு பல் தாண்டினால்தான் அடுத்த நிலை. அந்த ஒரு பல் ஓரிரு பாகையாக இருக்கலாம். 27 சென்டிமீட்டர் நீளமுள்ள சீட்டில் ஒரு பாகை என்பது மூக்குக்கும் வாலுக்கும் இடையே ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உயர வேறுபாடு. தாளில் அற்பமாகத் தெரியும் இந்த அளவு, இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகு தொடையிடுக்கில் தெரியும், அல்லது முன்னே வழுக்காமலிருக்க ஊன்றி ஊன்றி ஓய்ந்த உள்ளங்கைகளில் தெரியும். பழைய தண்டில் எனக்குத் தேவையான நிலை இரண்டு பற்களுக்கு நடுவில் இருந்தது; ஒன்றில் மூக்கு தூக்கலாக நிற்கும், மற்றதில் நான் சறுக்குவேன். புதியதில் பின் போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, முன் போல்ட்டை அதே கால் சுற்று இறுக்கினால் மூக்கு மயிரிழையளவு இறங்குகிறது. சீட்டின் மீது ஒரு ரசமட்டத்தை வைத்து மூன்றே முயற்சிகளில் நிலையைப் பிடித்துவிட்டேன். அதன் பிறகு அது அசையவே இல்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முன் போல்ட் சீட்டின் வயிற்றுக்கடியில் ஒளிந்திருப்பதால் ஆலன் சாவியை முழுச் சுற்றுச் சுற்ற இடமிருக்காது; கால் சுற்று, எடு, மறுபடி மாட்டு, கால் சுற்று என்று பொறுமையாகத்தான் போக வேண்டும். சீட்டை முழுவதுமாகக் கழற்றி மாட்டும்போது கையிலிருந்து நழுவும் உருளை நட்டைத் தரையில் தேடிய அனுபவமும் எனக்கு உண்டு. சைக்கிளைப் பெட்டியில் அடைத்து அடிக்கடி பயணம் செய்பவருக்கும், ஒரே சைக்கிளில் சீட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பவருக்கும் ஒற்றை போல்ட் எவ்வளவோ நிம்மதி. பற்கள் நுண்ணியதாகவும் கடினமாகவும் வெட்டப்பட்ட நல்ல ஒற்றை போல்ட் தலைகள் ஆண்டுக்கணக்கில் உழைக்கவும் செய்கின்றன. எனக்கு வாய்த்தது மலிவானது.

கார்பனைப் பற்றி நான் பேசக்கூடியது குறைவு. நண்பரின் சைக்கிளில் இரண்டு மாதம் ஓட்டியதுதான் என் அனுபவம். சாலையின் சிறு அதிர்வுகள் மழுங்கியது போல் இருந்தது உண்மை. ஆனால் அதில் எவ்வளவு கார்பனின் கொடை, எவ்வளவு அந்த சைக்கிளின் அகலமான டயர்களின் கொடை என்பதைப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. தண்டின் வளைவை அதன் பொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை: வெளியே நிற்கும் நீளம் 12 சென்டிமீட்டரிலிருந்து 18 ஆனால், அதே தண்டு அதே சுமையில் மூன்று மடங்குக்கும் மேல் வளையும். உயரம் குறைவாக வைத்து ஓட்டுபவர் கார்பனுக்குச் செலவழித்துப் பெறும் மென்மை சொற்பமே. தவிர, கார்பன் தண்டுகளிலும் இருவகைத் தலைகளும் கிடைக்கின்றன என்பதால், தலையைப் பற்றி மேலே சொன்னவை அவற்றுக்கும் பொருந்தும். என்னைத் தடுத்தது வேறு: அளவுக்கு மீறி இறுக்கினாலோ கீழே விழுந்தாலோ அலுமினியம் வளைந்தோ நசுங்கியோ கண்ணுக்குக் காட்டிக்கொடுக்க வாய்ப்பு அதிகம்; கார்பனில் உள்ளுக்குள் ஏற்பட்ட விரிசல் வெளியே தெரியாமலே இருக்கக்கூடும். கருவிகளைக் கவனமாகக் கையாள்பவருக்கு இது பெரிய தடையல்ல. நான் அப்படிப்பட்டவன் என்று எனக்கே நம்பிக்கையில்லை.

வாங்கும் முன் பார்க்க மறந்துவிடக் கூடியவை இரண்டு. ஒன்று செட்பேக், அதாவது தலை பின்னோக்கித் தள்ளியிருக்கும் தூரம். 20 அல்லது 25 மில்லிமீட்டர் பின்தள்ளிய தண்டை எடுத்துவிட்டு நேர்த்தண்டைப் போட்டால், அந்த அளவைச் சீட்டின் அடிக்கம்பிகளில் நகர்த்தித்தான் ஈடுகட்ட வேண்டும். கம்பிகளில் அவ்வளவு இடம் மிச்சமிருக்கிறதா என்று முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். மற்றொன்று கம்பிகளின் வடிவம்: சாதாரண உலோகக் கம்பி 7 மில்லிமீட்டர் வட்டம், கார்பன் கம்பிகளோ பெரும்பாலும் 7க்கு 9 என்ற முட்டை வடிவம். வட்டக் கம்பிக்கென்று செய்த கிளாம்பில், குறிப்பாகப் பக்கவாட்டில் இறுக்கும் வகையில், பின்னதைப் பொருத்துவது ஆபத்து.

பொருத்தும் வேலையில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது, பழையது வெளியே வந்தால். என்னுடையது இரும்பு பிரேம், அலுமினியத் தண்டு; இரு உலோகங்களுக்கு நடுவே வியர்வையும் மழைநீரும் புகுந்தால் அலுமினியம் அரித்து, அதன் ஆக்சைடு உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு தண்டை இறுக்கிவிடும். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருந்து, சீட்டையே கைப்பிடியாக்கி இருபுறமும் முறுக்கியபோது, முதலில் ஒரு கிறீச்சொலியும் பிறகு வெள்ளைத் தூளுமாகத் தண்டு மேலேறியது. குழாயின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, வாய் விளிம்பிலிருந்த பிசிறைத் தேய்த்தெடுத்து, உள்ளே மெல்லிய கிரீஸ் பூச்சு கொடுத்த பின்னரே புதியதை இறக்கினேன். கார்பன் தண்டாக இருந்தால் கிரீஸ் கூடாது. குறைந்த இறுக்கத்திலேயே பிடிமானம் தரும் நுண்துகள் கலந்த பசை அதற்கென இருக்கிறது. தண்டில் பொறித்த குறைந்தபட்ச ஆழக் கோடு பிரேமுக்குள் மறைய வேண்டும், தண்டின் அடிமுனை மேற்குழாய் சேரும் இணைப்புக்கும் கீழே போக வேண்டும். இரண்டில் எது அதிக ஆழம் கேட்கிறதோ அதுவே கணக்கு. காலரில் அச்சிட்டிருந்த 5 நியூட்டன் மீட்டர் என்ற இறுக்க வரம்பைத் தாண்டி இறுக்கவில்லை.

இரண்டு போல்ட்டுகளின் மரைகளிலும் ஒரு துளி கிரீஸ் வைத்து, மாறி மாறிச் சமமாக இறுக்கினேன். முதல் ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு சாவியை வைத்துப் பார்த்தபோது முன் போல்ட் எட்டில் ஒரு சுற்று ஏற்றது. அடுத்த முறை பார்த்தபோது ஏற்கவில்லை. இப்போது நான்கு மாதத்துக்கு ஒருமுறை தண்டை உருவி, துடைத்து, கிரீஸ் தடவி, உயரத்துக்காகச் சுற்றி வைத்திருக்கும் கறுப்பு டேப்பின் விளிம்பு வரை மறுபடி இறக்கிவிடுகிறேன்.